பிள்ளைகளின் வாயை அடைப்பது பாதுகாப்பு ஆகாது: இணைய விளையாட்டுத் தளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இணைய விளையாட்டுத் தளங்களை நடத்தும் நிறுவனங்களுக்கும், அவற்றின் பாதுகாப்புப் பிரிவுகளில் முடிவெடுப்பவர்களுக்கும்,

பிள்ளைகள் கூடி விளையாடும் இடங்களில் பாதுகாப்பு என்ற பெயரில் நீங்கள் எடுத்துவரும் இரண்டு முடிவுகளை எங்களால் பேசாமல் ஏற்க முடியவில்லை. சாட்டில் சொற்களை மறைப்பதையே உங்கள் பாதுகாப்பின் முதல் கருவியாக வைத்திருக்கிறீர்கள். அந்தப் பாதுகாப்பில் ஓட்டை இருக்கிறது என்று சான்றோடு பேசுகிறவர்களின் கணக்கை முடக்குகிறீர்கள். தொட்டுக்கொள்ளாத இரண்டு காரியங்கள் போலத் தெரிந்தாலும், இரண்டிலும் தவறு செய்த ஆள் தப்பிவிடுகிறான், அதைச் சொல்ல வந்தவருடைய வாய்தான் அடைபடுகிறது.

நாங்கள் விளையாட்டுக் குழுக்களில் தமிழ் சாட்டைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர்கள். ரிப்போர்ட்டுகளை வரிவரியாகப் படிக்கிறவர்கள். கீழே இருப்பவை திரும்பத் திரும்ப எங்கள் கண்ணில் படுபவை.

ஒரு பிள்ளையைப் பாலியல் நோக்கத்தோடு நம்பவைத்து வளைக்கப் பார்க்கிறவன் எப்படிப் பேசுவான் என்பதிலிருந்து தொடங்குகிறோம்.

“சூப்பரா ஆடுறியே, எந்த கிளாஸ் படிக்கிற?”
“இந்த போன் உன்னோடதா, அம்மாவோடதா?”
“வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்களா?”
“அந்த ஸ்கின் வேணுமா? நான் கிப்ட் அனுப்புறேன். யார்கிட்டயும் சொல்லாத.”
“இங்க டைப் பண்றதெல்லாம் ஹேஷ் ஹேஷா வருது, வேற ஆப்புக்கு வா.”

(ஸ்கின் என்பது விளையாட்டுப் பாத்திரத்துக்கு வாங்கும் உடை; ஹேஷ் என்பது மறைத்த சொல்லுக்குப் பதிலாகத் தெரியும் # குறி.) ஐந்து வரிகளில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. சொற்பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எந்த ஃபில்டரும் இதை விட்டுவிடும். கடைசி வரியை மறுபடி படியுங்கள். பிள்ளையை உங்கள் கண்காணிப்புக்கு வெளியே கூட்டிப்போக அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்கை உங்கள் ஃபில்டரே கையில் கொடுக்கிறது. எல்லாம் ஹேஷாக மாறுகிறது என்பது பிள்ளைக்கும் தெரிந்த எரிச்சல்தான் என்பதால், அழைப்பு அதற்கு நியாயமாகவே படுகிறது.

இப்போது அந்தப் பிள்ளை மறுநாள் தன் தோழியிடம் சொல்லப் பார்க்கிறது: “அவன் என்கிட்ட போட்டோ கேட்டான்.” போட்டோ என்ற சொல்லைப் பட்டியலில் வைத்திருக்கும் தளத்தில் தோழி படிப்பது: “அவன் என்கிட்ட ##### கேட்டான்.” உடல் உறுப்பின் பெயர், வேறு ஆப்பின் பெயர், அவன் பேசிய வாக்கியம் என்று பிள்ளை எதைத் தட்டினாலும் மறையும். அவன் சொன்னதை அப்படியே எடுத்துச் சொன்னால் சில இடங்களில் பிள்ளையின் கணக்குக்கே எச்சரிக்கை வரும். இரண்டு மூன்று முறை ஆனால் பேன், அதாவது கணக்கு முடக்கம். கேட்டவனுடைய கணக்கு அப்படியே இருக்கும். பாதிக்கப்பட்ட பிள்ளை தனக்கு நடந்ததைச் சொல்லத் தேவையான சொற்களையும், பாதிப்பவன் பயன்படுத்தக்கூடும் என்று நீங்கள் நினைக்கும் சொற்களையும் ஒரே பட்டியலில் போட்டுவிட்டதால் வரும் கோளாறு இது. பேச்சுரிமையும் பாதுகாப்பும் எதிரெதிர்த் தட்டுகள் என்று உங்கள் அறிக்கைகள் சொல்கின்றன. வளைக்கப்படும் பிள்ளைக்கு அப்படி இரண்டு தட்டு கிடையாது. நடந்ததை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடிவதுதான் அதற்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு.

ஃபில்டரின் தொழில்நுட்பக் குறைகளையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் பதில்களில் ‘அதிநவீன வடிகட்டல்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியவில்லை. ஊர்ப்பெயருக்குள் ஒரு வசவுச் சொல்லின் எழுத்துகள் வரிசையாக இருந்ததே காரணம். சொல்லின் நடுவே எழுத்துக்கோவையைத் தேடும் அதே பழக்கம் இன்னும் போகவில்லை. தங்கிலீஷில் “பாக்கி எவ்ளோ பேர்?” என்று ஆங்கில எழுத்தில் தட்டும் பிள்ளைக்கு அந்த முதல் சொல் மறைந்துபோகும். ஆங்கிலத்தில் அது பாகிஸ்தானியரை இழிவுபடுத்தும் சொல்லாகப் பட்டியலில் இருக்கிறது. மிச்சம் எவ்வளவு என்று கேட்ட பிள்ளை இனவெறிப் பேச்சுக்கு எச்சரிக்கை வாங்குகிறது.

தமிழ் எழுத்தில் தட்டினால் நிலைமை தலைகீழ். ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனி என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கும் வழி யூனிகோட் தரத்திலேயே இருக்கிறது. என்எஃப்சி நார்மலைசேஷன் என்று பெயர். ஒப்பிடும் முன் அதைச் செய்யாத ஃபில்டர் ஒரு வடிவத்தைப் பிடிக்கும், மற்றதை விட்டுவிடும். எழுத்துகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்றைச் செருகினாலும் அதே கதைதான். இதையெல்லாம் சரிசெய்ய முடியாத தளங்கள் இன்னும் எளிய வழியில் போகின்றன: தமிழ் எழுத்து வந்தாலே மொத்தமாக ஹேஷ். அது புரியாத மொழியைத் தடை செய்வதுதான், அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது.

எண்களின் கதையும் இப்படித்தான். போன் நம்பர் போய்விடக்கூடாது என்று எண்களை மறைக்கிறீர்கள். “5 பேர் வேணும்” என்ற பிள்ளையின் வரி உடைகிறது. நம்பர் கேட்கிறவன் “ஒன்பது எட்டு நாலு” என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

இன்னொன்று, சுடும் விளையாட்டில் “நான் செத்துட்டேன், வந்து தூக்கு” என்பதும் “அவனைக் கொல்லு” என்பதும் சாதாரணப் பேச்சு. தோற்ற பிள்ளையைச் சுற்றி நின்று ஆறு பேர் “நீ செத்துப்போ” என்பது கொடுமை. சொல் ஒன்றேதான். யாரை நோக்கி, எத்தனை பேர், எத்தனை நாளாக என்பதில்தான் வேறுபாடு. அந்த மூன்றையும் எண்ணும் வசதி உங்களிடம் இருக்கிறது. ஆனால் எண்ணப்படுவது சொல் மட்டும்தான்.

சொற்களைத் திறக்காமலேயே பார்க்கக்கூடிய நடத்தைக் குறிகள் உங்கள் சர்வர்களில் ஏற்கெனவே பதிவாகின்றன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது முப்பது பிள்ளைக் கணக்குகளுக்கு ஒரே நாளில் பிரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பும் கணக்கு. அனுப்பியதில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டும் நிறுத்தாமல் அனுப்பும் கணக்கு. திரும்ப எதுவும் வாங்காமல் புதிதாகப் பழகிய பிள்ளைகளுக்கு மட்டும் கிப்ட் அனுப்பும் கணக்கு. பொது ஆட்டத்தில் சந்தித்த சில நிமிடங்களில் பிள்ளையை இரண்டே பேர் இருக்கும் தனி சர்வருக்கு (தனி ஆட்ட அறைக்கு) அழைக்கும் கணக்கு. பல பிள்ளைகள் தனித்தனியே, ஒருவரையொருவர் அறியாமல், பிளாக் செய்த கணக்கு. கடைசியாகச் சொன்னது மிக வலுவான குறி என்பது எங்கள் அனுபவம். பிள்ளைகளுக்கு ரிப்போர்ட் எழுத வராது, ஆனால் பிளாக் செய்ய வரும். அந்த பிளாக் எண்ணிக்கையைப் பல தளங்கள் பாதுகாப்புப் பிரிவின் பார்வைக்கே கொண்டுபோவதில்லை.

இந்தக் குறிகளிலும் தவறு வரும், அதை மறைக்கவில்லை. குழுத் தலைவர் ஒருவர் போட்டிக்கு ஆள் சேர்க்க நாற்பது ரிக்வெஸ்ட் அனுப்புவார். ஒரு மாமா தன் அக்கா மகளுக்கு ஸ்கின் வாங்கித் தருவார். ஆகவே குறி தட்டியவுடன் பேன் செய்யச் சொல்லவில்லை. அந்தக் கணக்கின் வேகத்தைக் குறையுங்கள்: புதிய பிள்ளைக் கணக்குகளுக்கு ரிக்வெஸ்ட், கிப்ட், தனி சர்வர் அழைப்பு மூன்றையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். பிறகு ஒரு மனிதர் பார்த்து முடிவெடுக்கட்டும்.

வாய்ஸ் சாட்டில் சொற்பட்டியல் கைவிட்டுவிடுகிறது. “மைக்ல பேசுனதுக்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டு ரிப்போர்ட்டை மூடிவிடுகிறீர்கள். எல்லோர் பேச்சையும் எப்போதும் பதிவு செய்து சர்வரில் வைத்திருக்கச் சொல்ல மாட்டோம்; அது இன்னொரு ஆபத்து. நடுவழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுக் கருவி, வாய்ஸ் சாட்டின் கடைசி 5 நிமிடத்தை அந்தக் கருவியிலேயே வைத்துக்கொள்ளும். ரிப்போர்ட் செய்பவர் அதிலிருந்து அதிகபட்சம் 40 வினாடித் துண்டு ஒன்றை அனுப்பலாம். அனுப்பாவிட்டால் எங்கும் போகாது. எக்ஸ்பாக்ஸ் 2023இல் கொண்டுவந்த முறையில் 60 வினாடித் துண்டு ஒன்றை எடுத்து இணைக்கலாம். கருவியில் சுழலும் சிறு பதிவு, புகார் தந்தால் மட்டும் வெளியே போகும் என்ற இந்த அமைப்பு எல்லாத் தளத்திலும் ஏன் இல்லை?

அடுத்தது ரிப்போர்ட் பொத்தான். ஒரு பிள்ளை அதை எப்படிக் கடக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஆட்டத்தை நிறுத்த வேண்டும், மெனுவைத் திறக்க வேண்டும், ஆட்கள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேட வேண்டும். அவன் ஏற்கெனவே வெளியேறியிருந்தால் பெயர் பட்டியலில் இருக்காது. இருந்தால், ஆங்கிலத்தில் உள்ள எட்டுப் பத்து வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘வேறு ஆப்புக்கு வரச் சொன்னார்’, ‘ரகசியமாக வைக்கச் சொன்னார்’, ‘என் படத்தைக் கேட்டார்’ என்ற வகைகள் அங்கே இருக்காது. ‘ஏமாற்றி ஆடுதல்’ முதலில் இருக்கும். சில தளங்களில் விவரம் எழுதும் பெட்டியிலும் அதே ஃபில்டர் வேலை செய்கிறது, ஆகவே நடந்ததை எழுதினால் ‘தகாத சொல்’ என்று பெட்டி திருப்பி அனுப்பும். ஸ்கிரீன்ஷாட் இணைக்க இடம் இருக்காது.

பயத்தில் பிள்ளை முதலில் பிளாக்கை அழுத்தினால் இன்னும் மோசம். பிளாக் செய்த கணமே அந்த ஆளின் பெயரும் பழைய சாட்டும் பிள்ளையின் திரையிலிருந்து போய்விடும் தளங்கள் உண்டு. பிறகு வீட்டுப் பெரியவர்கள் வந்து பார்த்தால் காட்ட ஒன்றுமில்லை. பிளாக் செய்வது சரியான செயல். சரியான செயலைச் செய்த பிள்ளை சான்றை இழக்கும்படி ஒரு பொத்தானை வடிவமைத்திருக்கிறீர்கள்.

ஆகவே வீட்டுப் பெரியவர்களுக்கு நாங்கள் சொல்லிவருவது இந்த வரிசை: முதலில் சாட் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த ஆளின் காட்சிப் பெயரை நம்பாதீர்கள், அது நிமிடத்தில் மாறும். புரொஃபைல் பக்கத்தைத் திறந்து மாறாத ஐடி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், எந்த ஆட்டம், எந்த சர்வர் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ரிப்போர்ட். கடைசியில் பிளாக். பிள்ளை படம் எதையும் அனுப்பியிருந்தால் அந்தப் படத்தை நகலெடுக்கவோ பிறருக்கு அனுப்பவோ கூடாது, கருவியை அப்படியே காவல்துறையிடம் கொண்டுபோக வேண்டும். பிள்ளையைத் திட்டாதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் மாதக்கணக்கில் சொல்லாமல் இருக்கின்றன. இந்த வரிசையை நீங்களே பொத்தானுக்குள் வைத்திருந்தால் நாங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட் போன பிறகு வருவது ஒரே வார்ப்பு பதில்: ‘பரிசீலித்தோம், எங்கள் விதிகளுக்கு முரணாக ஒன்றும் இல்லை.’ யார் பார்த்தார், மனிதரா இயந்திரமா, தமிழ் தெரிந்தவரா, எந்த வரிகளைப் பார்த்தார் என்று ஒன்றும் தெரியாது. பேன் செய்யப்பட்ட பிள்ளைக்கும் இதே கதி. எந்த வரிக்காக என்று சொல்லமாட்டீர்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள்களும் கணக்கோடு போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு, முடிவுக்கான காரணத்தையும் தானியங்கிக் கருவி பயன்பட்டதா என்பதையும் சொல்லச் சொல்கிறது. 20ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டை இயந்திரம் மட்டுமே முடிவு செய்யக்கூடாது. ஐரோப்பாவில் இருக்கும் பயனருக்கு நீங்கள் தரவேண்டிய இந்தப் பதிலை மற்ற இடங்களில் இருக்கும் பிள்ளைக்குத் தராமலிருக்க உங்களிடம் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் கிடையாது. எத்தனை முடக்கம், ஏன் முடக்கம், எங்கே முறையீடு என்ற மூன்றையும், தளங்களின் மட்டுறுத்தலுக்காக உரிமை அமைப்புகளும் ஆய்வாளர்களும் வகுத்த சான்டா கிளாரா கோட்பாடுகள் 2018லேயே கேட்டுவிட்டன.

அடுத்து, வெளியே பேசுகிறவர்கள். 2025 ஆகஸ்டில் ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளம், பிள்ளைகளை வளைக்கிறவர்களைப் பிள்ளை வேடமிட்டுப் பிடிக்கும் தன்னிச்சைக் குழுக்களுக்குத் தன் தளத்தில் இடமில்லை என்று அறிவித்தது. அந்த முறையில் உண்மையான ஆபத்துகள் இருக்கின்றன என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். பேச்சை வேறு ஆப்புக்குக் கொண்டுபோய் நடத்தும்போது சான்று கலங்கும், நீதிமன்றத்தில் நிற்காமல் போகும், தவறான ஆள்மேல் பழி விழும், ஏற்கெனவே நடக்கும் காவல் விசாரணை கெடும். பிள்ளை வேடமிடுவதைத் தடை செய்யுங்கள், எதிர்க்கமாட்டோம்.

ஆனால் அந்த விதியின் நிழலில் சில தளங்கள் வேறு ஆட்களையும் சேர்த்துத் துடைக்கின்றன. வேடம் எதுவும் போடாமல், தன் ரிப்போர்ட்டுக்கு வந்த பதிலைப் பெயர்களை மறைத்துப் பொதுவில் காட்டியவர். ஃபில்டர் எதை விடுகிறது எதை மறைக்கிறது என்று சோதித்து எழுதியவர். தளத்தின் சொந்த மன்றத்தில் ‘இந்த ஐடியை நாலு பேர் ரிப்போர்ட் செய்தும் இருக்கிறது’ என்று கேட்டவர். ‘பீதி கிளப்புதல்’, ‘தளத்தின் நற்பெயரைக் குலைத்தல்’ என்ற வகைகளில் இவர்களின் பதிவுகள் நீக்கப்படுகின்றன. இவர்கள் செய்தது விமர்சனம். முறையான வழி மூடியிருந்ததால்தான் பலர் முறையற்ற வழிக்குப் போனார்கள் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். வழி திறந்திருந்தால் வேடமிடும் தேவை குறையும். மேலே சொன்ன ஐரோப்பியச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் ‘நம்பகமான அறிவிப்பாளர்’ என்ற ஏற்பாடு உண்டு: துறை அறிவுள்ள அமைப்புகள் அனுப்பும் புகாரை முன்னுரிமையோடு பார்க்க வேண்டும். தமிழ் அறிந்த அப்படிப்பட்ட அறிவிப்பாளர் உங்களுக்குத் தேவை.

வயதுச் சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நீங்கள் சொல்வதை நாங்கள் நம்பவில்லை. பிறந்த ஆண்டை மாற்றித் தட்ட எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அதைவிடக் கவலை, பத்து வயது என்று பதிவு செய்யும் பெரியவன் நேராகப் பிள்ளைகளின் வட்டத்துக்குள் போய் நிற்கிறான். முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் கருவி சில ஆண்டுகள் முன்பின்னாகச் சொல்லும், ஆகவே 13, 16, 18 என்ற எல்லைகளில்தான் அது அதிகம் தடுமாறும். அடையாள அட்டை கேட்டால் அது கசியும். வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகச் சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று டிஸ்கார்ட் என்ற சாட் தளம் 2025 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. சோதித்தால், வயதுப் பிரிவு என்ற ஒரு விடையை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை உடனே அழியுங்கள். சோதனையில் தேறிய கணக்கின் நடத்தையைப் பார்க்கும் வேலை அதோடு முடியாது.

பிள்ளையைக் கொடுமையிலிருந்து காக்கும் கடமையும் (19ஆம் உறுப்பு) பிள்ளையின் கருத்துரிமையும் (13ஆம் உறுப்பு) 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தே இருக்கின்றன. இணையச் சூழலுக்கும் அவை பொருந்தும் என்று குழந்தை உரிமைக் குழு 2021இல் தன் 25ஆம் பொதுக் கருத்துரையில் விளக்கியிருக்கிறது. ஆகவே நாங்கள் கேட்பவை சலுகைகள் ஆகமாட்டா.

ரிப்போர்ட் பெட்டியிலிருந்து ஃபில்டரை இன்றே எடுத்துவிடுங்கள். இதற்குப் புதிய தொழில்நுட்பம் வேண்டாம். புகாரில் எழுதிய சொல்லுக்காக எந்தப் பிள்ளையின் கணக்குக்கும் எச்சரிக்கை போகக்கூடாது. நண்பரிடம் பிறர் பேசியதை எடுத்துச் சொன்னதற்காக பேன் ஆன கணக்குகளை மறுபடி பாருங்கள்.

‘பிளாக் செய்து புகார் கொடு’ என்று ஒரே பொத்தான் வையுங்கள். அதை அழுத்தும்போது கடைசிச் சாட்டும், ஐடியும், சர்வர் விவரமும் தாமாகவே உங்களிடம் பூட்டப்பட வேண்டும். பிள்ளையின் திரையிலிருந்து மறைந்தாலும் பெற்றோர் கணக்கில் தெரிய வேண்டும். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றப் புகார்களின் தரவை நிறுவனங்கள் காக்க வேண்டிய காலத்தை அமெரிக்கா 2024இல் 90 நாளிலிருந்து ஓராண்டாக உயர்த்தியது. பிள்ளை தரும் ஒவ்வொரு வளைப்புப் புகாருக்கும் அந்த ஓராண்டையே வைத்துக்கொள்ளுங்கள். வகைகளில் மேலே சொன்ன மூன்றையும் முதலில், தமிழில், பிள்ளை பேசும் தமிழில் எழுதுங்கள்.

பெரியவர் அனுப்பும் ரிக்வெஸ்ட், கிப்ட், தனி சர்வர் அழைப்பு ஆகியவை பிள்ளைக் கணக்குகளில் தொடக்கத்திலேயே மூடியிருக்கட்டும். வாய்ஸும் மூடியிருக்கட்டும், வீட்டாரும் பிள்ளையும் சேர்ந்து திறக்கட்டும். பிள்ளைகளின் தரவு தொடர்பாக, ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 2022இல் ஒப்புக்கொண்ட 27.5 கோடி டாலர் அபராத வழக்கில் வாய்ஸும் டெக்ஸ்டும் தொடக்கத்திலேயே திறந்திருந்ததும் ஒரு குற்றச்சாட்டு. ஆனால் ஒரே வயதுத் தோழர்களுக்கு இடையேயான பேச்சை மொத்தமாக அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள்.

தமிழ் சாட்டைப் பார்க்கத் தமிழ் தெரிந்த மனிதர்களை, தங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்களை, சம்பளத்துக்கு அமர்த்துங்கள். எத்தனை பேர் என்று உங்கள் வெளிப்படைத்தன்மை அறிக்கையில் மொழிவாரியாக எழுதுங்கள். எந்த மொழியில் எத்தனை புகார் வந்தது, சராசரி எத்தனை மணி நேரத்தில் பார்த்தீர்கள், முறையீட்டில் எத்தனை முடிவு மாறியது என்பதும் அதிலேயே வரட்டும்.

பாதுகாப்பைப் பற்றிய விமர்சனத்துக்காக நீக்கிய பதிவுகளையும் முடக்கிய கணக்குகளையும், பிள்ளை வேடமிட்டவை தவிர, திரும்பக் கொடுங்கள். ஓட்டையைச் சோதித்துச் சொல்கிறவர்களுக்கு மென்பொருள் நிறுவனங்கள் பிழை அறிவிப்பு வாசல் வைத்திருப்பது போல, பிள்ளைப் பாதுகாப்புக்கும் ஒரு வாசல் திறந்து, அதில் சொன்னவர்மேல் நடவடிக்கை இல்லை என்று விதியில் எழுதுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று 60 நாளுக்குள் தமிழில், பெயரும் பொறுப்பும் உள்ள ஒருவர் கையெழுத்தோடு பொதுவில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தமிழ் விளையாட்டுக் குழுக்களின் மட்டுறுத்துநர்கள்